சீமந்தத்துக்கு வந்த பேயத்தி

கண்ணா,

நீ தூளியில் தூங்கும்போது இதை எழுதுகிறேன். உனக்குப் பதினோரு மாதம் ஆகிறது. எனக்குப் பதினெட்டு வயது நடக்கிறது. நீ இதைப் படிக்கும் நாளில் இன்றைய என்னைவிடப் பெரியவனாக இருப்பாய். உனக்குக் கல்யாணமாகி, உன் மனைவியின் சீமந்தத்துக்கு நாள் பார்த்த பிறகு இந்தக் காகிதங்களை உன் கையில் தர வேண்டும் என்பது என் எண்ணம். முன்பே தந்தால் உனக்கு விளங்காது. பிறகு தந்தால் பயன்படாது. வாயால் சொல்லிவிடலாமே என்று கேட்பாய். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனாலும் எழுத எனக்குப் பயமில்லை. பேசத்தான் பயம். அந்தப் பயத்தால் நடந்ததைத்தான் எழுதப் போகிறேன்.

இன்னும் பதினைந்து நாளில் உன் அப்பாவின் உத்தியோகத்துக்காக நாம் மூவரும் நாக்பூருக்கு ரயிலேறுகிறோம். அதன்பின் இந்த மயிலாப்பூர் வீட்டுக்கு நீ லீவில் வந்து போகிறவனாகத்தான் இருப்பாய். வரும்போதெல்லாம் உறவுக்காரர்கள் உன் தலையைத் தடவி ஒரு கதை சொல்லக்கூடும். “கீரைக்காரி காத்தாயி அத்திக்காய்னு பொய் சொல்லிப் பேயத்தியைக் கொண்டுவந்து தலையில கட்டிட்டாள். அதைத் தின்னுதான் உங்கம்மாவுக்கு எட்டாம் மாசத்துலேயே வலி எடுத்தது. நீ பிழைச்சது தெய்வச்செயல்” என்பார்கள். அந்தக் கதையில் நீ எட்டாம் மாதத்தில் பிறந்தது மட்டும் உண்மை. காத்தாயி பொய் சொல்லவில்லை. அவள் சொன்ன உண்மையை நான்தான் என்னோடு வைத்துக்கொண்டேன். அதனால் பத்து மாதம் ஒரு பெண்பிள்ளை இந்தத் தெருவில் கால் வைக்க முடியாமல் போயிற்று.

முதலில் சீமந்தத்தில் நீ என்ன செய்வாய் என்று சொல்லிவிடுகிறேன். கர்ப்பிணியைக் கிழக்குப் பார்க்க உட்கார வைப்பார்கள். நீ ஒரு முள்ளம்பன்றி முள்ளையும், தர்ப்பையையும், இளசான அத்திக்காய்க் கொத்து ஒன்றையும் சேர்த்துப் பிடித்து, அவள் நெற்றியிலிருந்து உச்சிவரை வகிடு எடுக்க வேண்டும். அத்தி கொத்துக் கொத்தாகக் காய்க்கிற மரம். அதுபோல இவளும் பிள்ளைகள் பெற்றுப் பெருகட்டும் என்பது அதன் பொருளாம். பிறகு அவள் தலையில் முளைவிட்ட பயிரைக் கட்டுவார்கள். அதுமுதல் சாயங்காலம் வானத்தில் நட்சத்திரம் தெரிகிறவரை அவள் யாருடனும் பேசக்கூடாது. நீ காயைப் பிடிக்கிறவன். ஆகவே அது எந்தக் காய் என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். உன் அப்பாவுக்குத் தெரிந்திருக்கவில்லை. அவரைக் குறை சொல்லவில்லை. ஆபீஸ் காகிதங்களைத் தவிர வேறு இலை பார்த்துப் பழகாதவர்.

அத்தி பெரிய மரம். தண்ணீர் இருக்கும் இடத்தில் நிற்கும். அதன் காய் இலைக்காம்பில் காய்க்காது. அடிமரத்திலும் கனத்த கிளைகளிலும், மரத்துக்கு அம்மை போட்டதுபோலக் குலை குலையாக ஒட்டிக்கொண்டிருக்கும். காயின் தோல் தொட்டால் மெத்தென்று இருக்கும், பழுத்தால் சிவக்கும். இலை ஒன்றுவிட்டு ஒன்றாக மாறி மாறி வரும், வழவழப்பாக இருக்கும். பேயத்தி அதற்குத் தங்கைபோல. ஆற்றோரத்திலும், வாய்க்கால் மேட்டிலும், யாரும் போகாத சேற்றிலும் தானாக முளைக்கிற சிறு மரம். அதன் இலை எதிரும் புதிருமாக ஜோடி ஜோடியாக வரும். தடவினால் பூனை நாக்குப்போலச் சொரசொரக்கும். தச்சர்கள் மரத்தைத் தேய்த்து மெருகேற்ற எடுத்துப் போவார்கள். காயின்மேல் மெல்லிய சுணை இருக்கும், பழுத்தாலும் சிவக்காமல் மஞ்சளாகத்தான் போகும். இரண்டையும் கிள்ளினால் பால் வரும். இரண்டுக்கும் பூ வெளியே தெரியாது; காய்க்குள்ளேயே பூத்து, காய்க்குள்ளேயே முடிந்துவிடும். பிளந்து பார்த்தால்தான் ஆயிரம் பூவும் கொசுவைவிடச் சின்னதான பூச்சிகளும் உள்ளே இருப்பது தெரியும். பேயத்திக்கும் உபயோகம் இல்லாமல் இல்லை. இலையை ஆடு தின்னும். பழத்தை வௌவால் தின்னும். பால் வற்றிய ஆட்டுக்கு இதைப் போட்டால் சுரக்கும் என்று காத்தாயி சொல்வாள். ஆனால் மனிதர் பச்சையாகத் தின்றால் குடலைப் பிடுங்கிக்கொண்டு வாந்தி வரும்.

இதெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தந்ததல்ல. என் பிறந்த வீடு மாம்பலத்தில். நான் சின்னவளாக இருந்தபோது ஏரியைத் தூர்த்து மனை மனையாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஏரிக்கரையில் இரண்டு மரமும் இருந்தன. என் அண்ணா ஒரு மஞ்சள் பழத்தைக் காட்டி, “நீதான் பேசவே மாட்டியே, இதைத் தின்னு பாக்கலாம், அப்பவாவது வாயத் தெறக்கறியான்னு பாப்போம்” என்றான். தின்றேன். அன்று முழுக்க வாய் திறந்தபடிதான் இருந்தது. ஆகையால் பேயத்தி எது, அது என்ன செய்யும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்த தப்பு என்று நான் சொல்லிக்கொள்ள வழியே இல்லை.

காத்தாயி அடையாற்றங்கரைக் குப்பத்திலிருந்து கீரை கொண்டுவருகிறவள். ஹோமத்துக்குச் சமித்து, மாவிலை, வாழைப்பட்டை என்று எது வேண்டுமானாலும் தெருவே அவளிடம்தான் சொல்லும். சீமந்தத்தன்று காலையில் வாசலில் அவள் குரல் கேட்டது. உள்ளே எல்லாரும் வேலையாக இருந்ததால் நான் போனேன். கூடையிலிருந்து கொத்தை எடுத்துக் காட்டியவள் உடனே கொடுக்கவில்லை.

“சின்னம்மா, இத நல்லா கேட்டுக்கோ. ஏரிக்கரை அத்திமரத்த வெட்டிப்புட்டானுங்க, அங்க வூடு கட்றானுங்க. இது பேயத்தி. வெறுங்கையோட வரக்கூடாதுன்னு எடுத்தாந்தேன். சைதாப்பேட்டைல ஒரு நல்ல அத்தி கீது. அம்மாவாண்ட கேளு. வேணும்னா இப்பவே ஓடிப் போயி பறிச்சாறேன். முகூர்த்தத்துக்கு இன்னும் நேரம் கீதுல்ல?”

தலையாட்டினேன். கொத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். கூடத்தில் பத்துப் பதினைந்து பெண்கள். சமையலறை வாசலில் போய் நின்றேன். என் மாமியார் மடியாக, யாரும் தொடாதபடி, வியர்த்து வழிந்துகொண்டு அடுப்பின் முன் இருந்தார். உனக்கு அவர் பாட்டி; ஆனால் இந்தக் கடிதத்தில் மாமியார் என்றே எழுதுகிறேன், அன்று எனக்கு அவர் அப்படித்தான். “என்னடி மரமா நிக்கறே? அத்திக்காய் வந்துடுத்தா? தாம்பாளத்துல வெச்சுட்டுப் போய்த் தலையப் பின்னிக்கோ” என்றார். “அம்மா” என்று ஆரம்பித்தேன். பின்னால் யாரோ ஒரு மாமி, “அட, பேசறதே! இன்னிக்கு மழைதான்” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, செல்லமான சிரிப்புத்தான். அது போதுமாயிருந்தது எனக்கு. கொத்தைத் தாம்பாளத்தில் வைத்தேன். வாசலுக்குப் போய்க் காத்தாயியிடம், போகலாம் என்று கையைக் காட்டினேன். அம்மா சரி என்று சொல்லிவிட்டதாக அவள் எடுத்துக்கொண்டாள். வேறு எப்படி எடுத்துக்கொள்வாள்?

சடங்கு நடத்த வந்த சாஸ்திரிகளுக்கு அன்றே இன்னொரு வீட்டிலும் வேலை. காயை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. எந்த நதிக்கரையில் வசிக்கிறோம் என்று சொல்ல வேண்டிய இடம் வந்தபோது உன் அப்பா விழித்தார். “காவேரின்னு சொல்லிடேன்” என்றார் ஒருவர். “காவேரி எங்கே, நாம எங்கே? கிட்டே இருக்கறது கூவம்தான்” என்றார் இன்னொருவர். “கூவத்தைச் சொன்னா குழந்தை மூக்கைப் பிடிச்சிண்டுன்னா பொறக்கும்!” என்று ஒரு மாமி சொல்ல, உன் அப்பாவே சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பின் நடுவே சுணை நிறைந்த காய்கள் என் நெற்றியை உரசிக்கொண்டு மேலே போயின. எரிந்தது. தலையில் பயிரைக் கட்டி, இனி நட்சத்திரம் தெரியும்வரை பேசாதே என்றார்கள். உனக்கு இதை மறைக்க மாட்டேன்: அப்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. பேச வேண்டியதைப் பேசாமலிருக்க எனக்கு ஒரு சாஸ்திரமே கிடைத்துவிட்டது.

கொண்டுவந்த காயில் சடங்குக்கு ஒரு கொத்துத்தான் ஆயிற்று. மிச்சத்தை வீணாக்குவானேன் என்று மாமியார் நறுக்கி, தேங்காய் போட்டுப் பொரியல் செய்தார். ஒரு கைப்பிடிதான் வந்தது. சீமந்தப் பெண்ணுக்கென்று முழுவதையும் என் இலையில் வைத்தார். நான் இலையைக் காட்டிக் கையை ஆட்டினேன். “ஜாடையும் பேச்சுதான்டி. பேசாம சாப்பிடு. அத்திக்காய் உடம்புக்கு ஆகும்” என்றார். வெந்தால் விஷம் போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எல்லாருக்கும் முன்னால் இலையில் வைத்ததை மிச்சம் வைக்க வெட்கப்பட்டேன். சாப்பிட்டேன். கண்ணா, நான் வெட்கப்பட்டு உன்னைப் பணயம் வைத்தேன். இதைவிட மெதுவான வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை.

அன்று மாலையே வாந்தி பிடித்தது. மறுநாளும் நிற்கவில்லை. மூன்றாம் நாள் வலி கண்டது. பிரசவத்துக்கு என்னை மாம்பலத்துக்கு அழைத்துப்போக வண்டி பேசியிருந்தார்கள். அந்த வண்டியில் என் அம்மாதான் இங்கே வந்தாள். நீ பிறந்தபோது அழவில்லை. உள்ளங்கையில் அடங்கும்போல இருந்தாய். ஏழாம் மாதப் பிள்ளை தங்கும், எட்டாம் மாதப் பிள்ளை தங்காது என்று ஒரு பேச்சு உண்டு. அதை அறைக்கு வெளியே யாரோ மெல்லச் சொன்னது என் காதில் விழுந்தது. மருத்துவச்சி உன்னைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினாள். பூனைக்குட்டிபோல ஒரு சத்தம் வந்தது. பஞ்சில் பொதிந்து, துணியால் பாலைத் தொட்டு உன் வாயில் வைத்தோம். காயினால்தான் வலி வந்ததா என்று மருத்துவச்சியிடம் என் அம்மா கேட்டாள். “இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் இருக்கும். யாருக்குத் தெரியும்?” என்றாள். எனக்கும் இன்றுவரை தெரியாது. ஆனால் வீட்டுக்கு அந்த நிச்சயமில்லாத பதில் பிடிக்கவில்லை. குற்றவாளி ஒருவர் வேண்டியிருந்தது. அம்மாவோடு வந்த அண்ணா, காய்க்கொத்தில் மிச்சமிருந்த இலையைப் பார்த்து அது பேயத்தி என்று முன்பே சொல்லியிருந்தான்.

நீ பிறந்த மறுநாள் காத்தாயி குழந்தையைப் பற்றி விசாரிக்க வந்தாள். வாசலிலேயே அவளை நிறுத்தி எல்லாரும் கேட்டார்கள். அவள் குரல் ஜன்னல் வழியாக எனக்குத் தெளிவாகக் கேட்டது. “ஐயோ, நான் சொன்னேன்மா! பேயத்தின்னு சின்னம்மாவாண்ட சொல்லித்தான் குடுத்தேன். அதையே கேளுங்க. பெத்த வயிறு பொய் சொல்லாது.” மாமியார் அறைக்குள் வந்து என் தலைமாட்டில் நின்றார். “சொன்னாளாடி?” என்றார். ஒரே வார்த்தை சொல்ல வேண்டும். ஆமாம். நீ என் பக்கத்தில் பஞ்சுக்குள் இருந்தாய். மூச்சு விடுகிறாயா என்று நிமிஷத்துக்கு ஒருதரம் மூக்கில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆமாம் என்றால் இந்தக் குழந்தையை இப்படிச் செய்தவள் நான் என்று ஆகும். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். மாமியார் வெளியே போய், “அவள் ஒண்ணும் சொல்லலையே” என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை பார். அதற்குப் பிறகு காத்தாயியின் குரல் கேட்கவில்லை. பேயத்திக்காரி என்று தெருவே பெயர் வைத்து, அவள் கையால் ஒரு கொத்தமல்லிக் காம்புகூட வாங்குவதில்லை என்று ஆயிற்று.

நீ தங்கினாய். குப்புற விழுந்தாய், தவழ்ந்தாய். உன் ஒவ்வொரு நாளும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்குள் ஒரு முள்ளும் இருந்தது. போன மாதம் உன்னைத் தூக்கிக்கொண்டு மாம்பலத்துக்குப் போயிருந்தேன். தியாகராய நகரில் புதிதாகப் போட்ட ரோட்டோரம் வெயிலில் கூடையை வைத்துக்கொண்டு காத்தாயி உட்கார்ந்திருந்தாள். இளைத்துக் கறுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பிறகு உன்னைப் பார்த்தாள். “இதுதானா அது? பொழச்சிக்கிச்சா?” என்றாள். நான் மண்ணில் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். மன்னித்துவிடு என்றேன். அவள் கீரைமேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே கேட்டாள்.

“எங்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? எனக்குத் தெரியாததா? நான் சொன்னது எனக்கே தெரியாதா?”

“என்ன செய்யணும் சொல்லு காத்தாயி.”

“தெருவுல சொல்லு. வெள்ளிக்கிழமை நான் கூடையத் தூக்கிக்கினு வரேன். நீ கூட வா. ஒவ்வொரு வாசலா நீயே சொல்லு. நான் வாயத் தெறக்க மாட்டேன். இந்தத் தபா நான் மௌனம்.”

அன்று வீட்டுக்குத் திரும்பியதும் முதலில் மாமியாரிடம் சொன்னேன். உன்னைக் கீழே விட்டுவிட்டுச் சொன்னேன். திட்டுவார் என்று இருந்தேன். அவர் அரிசியில் பொறுக்கிய கல்லை ஓரமாக வைத்தார். பிறகு, “அன்னிக்குக் காயை நறுக்கறச்சே எனக்குக் கை அரிச்சுது” என்றார். “அத்தி அரிக்காதுன்னு எனக்குத் தெரியும். நல்ல நாளும் அதுவுமா அபசகுனமாப் பேசப்படாதுன்னு இருந்துட்டேன்.” அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை போகட்டுமா என்று கேட்டதற்குப் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

இந்த இடத்தில் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். உன் வீட்டுக்கு வரப்போகிற பெண் என்னைப்போல இருக்கலாம். எதற்கும் தலையாட்டுகிற பெண்ணை நல்ல பெண் என்று எல்லாரும் சொல்வார்கள். நீயும் அப்படி நம்பி நிம்மதியாக இருந்துவிடாதே. அவள் தலையாட்டினால் எதற்கு ஆட்டினாள் என்று கேள். கேட்டுவிட்டுக் காத்திரு. அவள் ஆரம்பிக்கும்போது யாராவது சிரித்தால், நீ சிரிக்காதே. உன் அப்பா நல்லவர்; ஆனால் அன்று வாந்தியெடுத்துக்கொண்டிருந்த என்னிடம் “என்ன சாப்பிட்டே?” என்று ஒரு வார்த்தை அவர் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேனோ என்னவோ. இது என் குற்றத்தை அவர்மேல் ஏற்றுவதற்கில்லை. இரண்டு பக்கமும் ஒரு வாசல் இருந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும், அதற்குத்தான். வகிடு எடுப்பதற்கு முன் இலையை விரலால் தடவிப் பார். சொரசொரத்தால் எழுந்து நின்று சொல், முகூர்த்தம் தவறினாலும் சரி. அதோடு, அந்தக் காயை யார் கொண்டுவந்தார்களோ அவர்கள் என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்று நீயே வாசலுக்குப் போய்க் கேள்.

வெள்ளிக்கிழமை காலையில் காத்தாயி வந்தாள். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அவளோடு தெருக்கோடி வீட்டிலிருந்து ஆரம்பித்தேன். முதல் வீட்டில் என் குரல் எழும்பவில்லை. அந்த வீட்டு மாமி, “என்னடி, இன்னும் உரக்கச் சொல்லு” என்றாள். “காத்தாயி அன்னிக்கே பேயத்தின்னு சொன்னாள். நான்தான் யார்கிட்டயும் சொல்லலை. அவமேல தப்பில்லை” என்றேன். அடுத்த வீட்டிலும் அதையே சொன்னேன். ஒரு வீட்டில், “இத்தனை நாள் கழிச்சு என்னத்துக்கு? ஊரை விட்டுப் போறச்சே பாவத்தைக் கழுவிண்டு போறியா?” என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். ஒரு வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஒரு வீட்டில் என்னைத் திட்டிவிட்டு இரண்டு கட்டு முளைக்கீரை வாங்கினார்கள். காத்தாயி சொன்னபடியே வாயைத் திறக்கவில்லை. நீ மட்டும் எல்லா வாசலிலும் கத்தினாய்.

கடைசியாக நம் வீடு. மாமியார் அப்போதுதான் கிணற்றடியில் குளித்து, ஈரப்புடவையோடு மடியாக நின்றிருந்தார். கூடைக்காரிக்குத் தலைச்சுமையை இறக்க எதிரே ஒரு கை வேண்டும். இந்தத் தெருவில் யாரும் அந்தக் கையைக் கொடுக்கமாட்டார்கள், அவள் கூடையைத் தொட்டால் மடி கெட்டுவிடும். காத்தாயி எப்போதும் முழங்காலை மடக்கிச் சுவரில் சாய்ந்து தானே இறக்கிக்கொள்வாள். அன்று அவள் மடக்கவில்லை. சுமையோடு நிமிர்ந்து நின்றாள். நான் சொல்ல வேண்டியதை அங்கேயும் சொன்னேன், வீட்டாருக்குத் தெரிந்ததுதான் என்றாலும். மாமியார் வாசற்படி இறங்கி வந்தார். இரண்டு கையாலும் கூடையின் விளிம்பைப் பிடித்தார். “மெள்ள” என்றார். கூடை கீழே இறங்கிற்று. “அரைக்கீரை இருக்கா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் கிணற்றடியில் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. மறுபடி குளிக்கிறார். எனக்குக் கேட்டதுபோலக் காத்தாயிக்கும் அது கேட்டது.

அவள் ஒரு கீரைக்கட்டை எடுத்து என்னிடம் நீட்டினாள். நான் வாங்கப் போனேன், அவள் விடவில்லை. “இன்னான்னு பாத்துச் சொல்லு, அப்பால வாங்கு” என்றாள். கட்டைத் திருப்பிப் பார்த்தேன். தண்டைப் பார்த்தேன், இலையைத் தடவினேன். பிறகு கிணற்றடிவரை கேட்கிறமாதிரி சொன்னேன்: “அரைக்கீரைதான்.” அவள் கையை விட்டாள்.

உன் அம்மா